நன்னீர்ப் பற்றீரியாவும் காபன், நைதரசன், பொசுபரசுக் கணக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் கங்காராமைப் பக்கம் பேர வாவியோரம் நடக்கிறவர்கள், வெள்ளவத்தை மாடிவீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள், உயர்தர உயிரியல் படிக்கிற பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் கேள்வி சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகிறது. தண்ணீரில் இருக்கும் பற்றீரியா போசணையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா? இரண்டும் செய்யும். எப்போது எது என்பதை அது தின்னும் உணவிலுள்ள விகிதம் தீர்மானிக்கிறது. பாடப்புத்தகம் இதை ஒரு வரியில் தாண்டிவிடுவதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

போசணை விகிதம் என்றால் என்ன?

ஓர் உயிரின் உடம்பில் ஒரு பொசுபரசு அணுவுக்கு எத்தனை நைதரசன் அணு, எத்தனை காபன் அணு இருக்கின்றன என்ற கணக்கு. வழக்கமாகக் காபன்:நைதரசன்:பொசுபரசு என்ற வரிசையில் எழுதுவார்கள். இது அணுக்களின் எண்ணிக்கை, நிறை அல்ல. இதில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். 106:16:1 என்பதை நிறைக்கு மாற்றினால் ஏறத்தாழ 41:7:1 வரும், அதாவது எண்களே வேறாகிவிடும். ஒரு கட்டுரையில் விகிதத்தைக் கண்டால் முதலில் அது அணுக்கணக்கா நிறைக்கணக்கா என்று பாருங்கள்.

கொழும்பில் தெருவுக்கு ஒரு கட்டடம் எழும்புகிறது, மேசன்மார் கொங்கிறீற்றுக்கு 1:2:4 என்று சீமெந்து, மணல், கல் கலப்பதைப் பார்த்திருப்பீர்கள். மணலும் கல்லும் மலையாகக் குவிந்திருந்தாலும் சீமெந்து தீர்ந்தால் வேலை நின்றுவிடும். கலத்துக்கும் அதே கதைதான், நன்னீரில் பெரும்பாலும் முதலில் தீர்ந்துபோவது பொசுபரசு.

எல்லோரும் சொல்லும் 106:16:1 எங்கிருந்து வந்தது?

கடலிலிருந்து. அல்பிரட் ரெட்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கடலியலாளர் 1934இல், கடல்நீரில் கரைந்திருக்கும் நைதரசன், பொசுபரசின் விகிதமும் பிளாந்தன்கள் எனப்படும் மிதக்கும் நுண்ணுயிர்களின் உடம்பிலுள்ள விகிதமும் வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போவதைக் காட்டினார். பின்னாட்களில் அது 106:16:1 என்று நிலைத்துவிட்டது.

ஏரிக்கு இதை அப்படியே தூக்கிக்கொண்டு வருவதுதான் பிழை. 2000ஆம் ஆண்டில் வெளியான ஒரு பெரிய ஒப்பீட்டில், ஏரிநீரில் மிதக்கும் துணிக்கைகளின் சராசரி கிட்டத்தட்ட 307:30:1 என்று வந்தது. தரைத் தாவர இலைகளில் 968:28:1. ஏரித் துணிக்கையில் ஒரு பொசுபரசுக்கு இருக்கும் காபன் கடலைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு, இலையில் ஒன்பது மடங்கு. இந்த மூன்று எண்களையும் நினைவில் வையுங்கள், கீழே கணக்குப் போடும்போது தேவைப்படும்.

பற்றீரியாவின் விகிதம் என்ன? ஏன் அதில் பொசுபரசு கூட?

ஆய்வுகூடத்தில் நன்றாகத் தீனி போட்டு வளர்த்த பற்றீரியாவில் 50:10:1 போன்ற எண்கள் வரும். அல்காவோடு, அதாவது பாசியோடு, ஒப்பிட்டால் இது பொசுபரசு மிகுந்த உடம்பு.

காரணம் வேகம். விரைவாகப் பெருக விரைவாகப் புரதம் செய்யவேண்டும், புரதம் செய்யக் கலத்துக்குள் றைபோசோம் என்ற நுண்ணிய இயந்திரம் வேண்டும், றைபோசோமில் பாதிக்கும் மேல் ஆர்என்ஏ, அந்த ஆர்என்ஏயின் நிறையில் ஏறத்தாழ 9 சதவீதம் பொசுபரசு. வேகமாக வளரும் ஈ.கோலை கலத்தின் உலர்நிறையில் ஐந்திலொரு பங்குவரை ஆர்என்ஏ இருக்கலாம். இதோடு டிஎன்ஏ, மென்சவ்வின் பொசுபோலிப்பிட்டு, ஏடிபி எல்லாவற்றிலும் பொசுபரசு உண்டு. ஆனால் புரதத்தில் நைதரசன்தான் உண்டு, அமினோவமிலங்களில் பொசுபரசு கிடையாது. தாவரத்தைப்போல காபன் மிகுந்த செல்லுலோசுச் சுவர், மரத்தண்டு என்ற பாரங்களும் பற்றீரியாவுக்கு இல்லை. அதனால் காபன் பங்கு இயல்பாகவே குறைவு.

அப்படியானால் 50:10:1ஐ எல்லா நன்னீர்ப் பற்றீரியாவுக்கும் போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. நீண்ட காலமாக அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள், கணித மாதிரிகளிலும் ஒரு நிலையான எண்ணாகவே வைத்தார்கள். ஆனால் அதில் ஒரு முரண்பாடு இருந்தது. பற்றீரியாவுக்கு இவ்வளவு பொசுபரசு தேவையென்றால், பொசுபரசு அரிதான தெளிந்த ஏரிகளில் அது அல்காவிடம் தோற்கவேண்டும். நடைமுறையில் அங்கேதான் அது வெல்கிறது.

2010இல் வெளியான ஓர் ஆய்வு இந்த முடிச்சை ஓரளவு அவிழ்த்தது. அமெரிக்காவின் வடமத்திய மாநிலங்களில் 120க்கும் மேற்பட்ட ஏரிகளில் பற்றீரியாவை அளந்து பார்த்தபோது, போசணை அளவு முன்பு நம்பியதைவிடக் குறைவாகவும் ஏரிக்கு ஏரி மாறுவதாகவும் இருந்தது. சராசரி, ரெட்ஃபீல்டின் எண்ணை நெருங்கியது. இயற்கையில் வாழும் பற்றீரியா, ஆய்வுகூடத்துக் கொழுத்த பற்றீரியாவைப்போல இல்லை என்று அர்த்தம்.

பொசுபரசு இல்லாதபோது கலம் எப்படிச் சமாளிக்கிறது? றைபோசோம்களைக் குறைத்துக்கொண்டு மெதுவாக வளர்கிறது. சில வகைகள் மென்சவ்விலுள்ள பொசுபோலிப்பிட்டை எடுத்துவிட்டுப் பொசுபரசே இல்லாத கொழுப்பை வைத்துக்கொள்கின்றன. மிஞ்சிய காபனைச் சேமிப்பு மணிகளாக்கி உள்ளே அடுக்குகின்றன, அதனாலும் விகிதம் ஏறும். நொதியங்களை வெளியே அனுப்பி, சேதனச் சேர்வைகளில் கட்டுண்டிருக்கும் பொசுபேற்றை வெட்டி எடுக்கின்றன. எதிர்மாறாக, பொசுபேற்று தாராளமாகக் கிடைத்தால் பொலிபொசுபேற்றுச் சங்கிலியாகக் கட்டிப் பதுக்கியும் வைக்கும்.

எல்லா இனமும் ஒரே அளவுக்கு வளையாது. சில இனங்கள் உணவு எப்படி மாறினாலும் தம் உடம்பின் விகிதத்தை விட்டுக்கொடுக்காமல் பிடித்து வைத்திருக்கும், சில கிடைப்பதற்கேற்ப மாறிக்கொள்ளும். என் பார்வையில் இந்தத் துறையில் சுவாரசியமான இடம் இதுதான். சராசரியில் மாற்றம் தெரிந்தால், அதே இனங்கள் தம்மை மாற்றிக்கொண்டனவா, அல்லது வேறு இனங்கள் வந்து இடத்தைப் பிடித்தனவா என்பதைப் பிரித்துப் பார்க்கவேண்டியிருக்கிறது. ஒரு வாளித் தண்ணீரை மொத்தமாக அளந்தால் இது தெரியாது.

இந்த விகிதத்துக்கும் போசணைச் சுழற்சிக்கும் என்ன தொடர்பு?

கணக்குப் போட்டே பார்ப்போம். பற்றீரியா 100 காபன் அணுக்களைத் தின்கிறது என்று வையுங்கள். 40 உடம்பாகிறது, 60 மூச்சில் காபனீரொட்சைட்டாகப் போய்விடுகிறது. 50:10:1 என்ற உடம்பைக் கட்ட, அந்த 40 காபனுக்கு 8 நைதரசனும் 0.8 பொசுபரசும் தேவை.

முதலில் 106:16:1 விகிதமுள்ள செத்த அல்கா. 100 காபனோடு 15 நைதரசனும் 0.94 பொசுபரசும் வருகின்றன. தேவைக்கு மேல் 7 நைதரசன், 0.14 பொசுபரசு மிச்சம். மிச்சம் அமோனியமாகவும் பொசுபேற்றாகவும் தண்ணீருக்குப் போகும். பற்றீரியா இங்கே பசளை போடுகிறது.

அடுத்து 307:30:1 விகிதமுள்ள சாதாரண ஏரித் துணிக்கை. 9.8 நைதரசன், 0.33 பொசுபரசு. நைதரசன் கொஞ்சம் மிச்சம், பொசுபரசு 0.5 அளவுக்குப் பற்றாது. அதே கலம், அதே நேரத்தில், நைதரசனை வெளியே விட்டுக்கொண்டு பொசுபரசைத் தண்ணீரிலிருந்து இழுக்கிறது. பற்றீரியா போசணையை 'விடும்' அல்லது 'எடுக்கும்' என்று ஒற்றைச் சொல்லில் சொல்லமுடியாததற்கு இதுதான் காரணம்.

மூன்றாவது இலைச் சருகு. 968:28:1 என்றால் 2.9 நைதரசன், 0.1 பொசுபரசு. இரண்டும் பற்றாது, இரண்டையும் தண்ணீரிலிருந்தே எடுக்கவேண்டும். உண்மைச் சருகு இதைவிட மோசம், ஏனென்றால் மரம் இலையை உதிர்க்குமுன் பொசுபரசில் ஒரு பகுதியைத் திருப்பி உறிஞ்சிக்கொள்ளும். கொழும்புக்குக் குடிநீர் தரும் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்கள் காட்டுக்கு நடுவே இருப்பவை, அங்கே விழுவது இந்த மூன்றாம் வகை உணவுதான்.

இதில் 40 என்ற எண்ணும் நிலையானதல்ல. இயற்கை நீரில் இந்த வளர்ச்சித் திறன் சில சதவீதத்திலிருந்து 50க்கு மேல்வரை ஆடும். 20 என்று வைத்துக் கணக்கை மீண்டும் போட்டால் தேவை பாதியாகிவிடும், ஏரித் துணிக்கையில்கூடப் பொசுபரசு ஏறத்தாழப் போதுமானதாகிவிடும். மூச்சுச் செலவு கூடக்கூட, மிச்சம் வெளியே வரும் வாய்ப்பும் கூடும். பிள்ளைகளே, ஒரு தாளை எடுத்து 50:10:1க்குப் பதிலாக 100:12:1 போட்டும் பாருங்கள், ஒரு மணித்தியாலப் படிப்பை ஐந்து நிமிடத்தில் தந்துவிடும்.

பற்றீரியா செத்ததை உக்கவைக்கும் பிரிகையாக்கிதானே, அது எப்படி அல்காவோடு போட்டி போடும்?

மேலே இரண்டாவது, மூன்றாவது கணக்குகளில் நடப்பது அதுதான். கலம் சிறிதாக இருப்பதால் கனவளவோடு ஒப்பிடும்போது மேற்பரப்பு அதிகம், ஆகவே மிகக் குறைந்த செறிவிலும் பொசுபேற்றைப் பிடித்துவிடும். ஒரு மில்லிலீற்றர் ஏரிநீரில் 10 இலட்சம் அளவில் பற்றீரியா இருப்பது சாதாரணம். ஆனால் அல்காவை முழுக்கக் கொன்றுவிடவும் முடியாது, ஏனென்றால் அல்கா கசியவிடும் காபன்தான் பல ஏரிகளில் பற்றீரியாவின் சாப்பாடு.

பற்றீரியா பிடித்து வைத்த பொசுபரசு திரும்ப எப்படி வெளியே வருகிறது?

இரண்டு பெரிய வழிகள். ஒன்று, சவுக்குமுளை கொண்ட நுண்ணிய புரோட்டோசோவாக்கள் பற்றீரியாவைத் தின்று, தமக்கு மிஞ்சியதைக் கழிக்கின்றன. மற்றது வைரசு. பற்றீரியாவைத் தாக்கும் வைரசு கலத்தை வெடிக்கவைக்கும்போது உள்ளே இருந்ததெல்லாம் தண்ணீரில் கொட்டும், அதை அயலிலிருக்கும் பற்றீரியா பொறுக்கிக்கொள்ளும். 1983இல் இந்தச் சுற்றை நுண்ணங்கி வளையம் என்று அழைக்கும் கருத்து பரவலானபிறகுதான், மீன் கண்ணுக்கே படாத இந்தச் சுற்றில் இவ்வளவு காபன் ஓடுகிறது என்பதை உயிரியலாளர்கள் தீவிரமாக எடுத்தார்கள். தின்னும் விலங்குக்கும் விகிதம் உண்டு. டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளு பொசுபரசை நிறையத் தன் உடம்பில் வைத்துக்கொள்ளும், ஆகவே அது பெருகினால் பொசுபரசு குறைவாகவே திரும்பும்.

பேர வாவியில் என்ன நடக்கிறது?

போர்த்துக்கீசர் காலத்தில் கோட்டையின் பாதுகாப்புக்காக உருவாக்கிய, ஆழம் குறைந்த நீர்நிலை. நகரம் நாலாபக்கமும் நெருங்கி, கழிவுநீர் பல வழிகளால் உள்ளே போய், நற்போசணையாக்கம், அதாவது போசணை மிகுந்து தண்ணீர் பச்சையாவது, என்ற பாடத்துக்குக் கையருகிலிருக்கும் உதாரணமாகிவிட்டது. அந்தப் பச்சைக் குழம்பில் மைக்ரோசிஸ்டிசு என்ற சயனோபற்றீரியா (நீலப்பச்சைப் பாசி என்பதும் இதைத்தான்) பேர்போனது.

இங்கே மேலே இலைச் சருகுக்குப் போட்ட கணக்கு தலைகீழாகிறது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொறியியலாளர்கள் பயன்படுத்தும் ஒரு பழைய விதி உண்டு: உயிரியல் ஒட்சிசன் தேவை (கழிவிலுள்ள சேதனப் பொருளை உக்கவைக்கப் பற்றீரியாவுக்கு வேண்டிய ஒட்சிசன்) 100 என்றால் பற்றீரியாவுக்கு நைதரசன் 5, பொசுபரசு 1 போதும். இது நிறைக்கணக்கு. வீட்டுக் கழிவுநீரில் சாதாரணமாக இரண்டுமே இதைவிட அதிகம். ஆகவே பற்றீரியா வயிறாரத் தின்றபிறகும் அமோனியமும் பொசுபேற்றும் மிஞ்சும், அந்த மிச்சத்தில் மைக்ரோசிஸ்டிசு வளரும், அது செத்து அடியில் படியும், அதுவும் காபனுக்கு ஏற்ற போசணையோடு இருப்பதால் மீண்டும் மிச்சம் வெளியே வரும்.

அடியில் ஒட்சிசன் தீர்ந்தபிறகு இன்னொரு கதவும் திறக்கும். ஒட்சிசன் உள்ளபோது சேற்றிலுள்ள இரும்பு பொசுபேற்றைப் பிடித்து வைத்திருக்கும். ஒட்சிசன் போனதும் சில பற்றீரியாக்கள் அந்த இரும்பையே மூச்சுக்குப் பயன்படுத்தத் தொடங்கும், இரும்பு கரையும், பிடியிலிருந்த பொசுபேற்று விடுபடும். சல்பேற்றை மூச்சுக்கு எடுப்பவை விடுகிற ஐதரசன் சல்பைட்டுத்தான் சில நாட்களில் மூக்கைப் பொத்தவைக்கும் அந்த அழுகிய முட்டை மணம். ஆகவே கழிவுநீரை இன்றே முழுதாக நிறுத்தினாலும் வாவி அடுத்த வருடமே தெளியும் என்று எதிர்பார்க்கவேண்டாம். சேறு பல வருடங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். கழிவுக் குழாய்களை அடைக்காமல் கரையை மட்டும் அழகுபடுத்துவது, சொல்லப்போனால், பூச்சு வேலை.

நைதரசன்:பொசுபரசு 16க்குக் கீழே போனால் சயனோபற்றீரியா வரும் என்கிறார்களே?

பாதி உண்மை. நைதரசன் பற்றாத இடத்தில், வளியிலுள்ள நைதரசனைப் பதிக்கக்கூடிய, அதாவது பிடித்துத் தன் உணவாக்கக்கூடிய, அனபீனா போன்ற வகைகளுக்கு அனுகூலம் உண்டு. மைக்ரோசிஸ்டிசால் நைதரசனைப் பதிக்கமுடியாது. அது இரண்டு போசணையும் தாராளமாக உள்ள இடத்தில்தான் கொழுக்கும். ஆகவே இவ்வளவு வளமான தண்ணீரில் விகிதத்தைவிட மொத்த அளவுதான் முதலில் பேசும். கனடாவின் ஒன்ராறியோவில் ஓர் ஏரியைத் திரையால் இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் காபனும் நைதரசனும், மறுபக்கம் அவற்றோடு பொசுபரசும் போட்டுப் பார்த்தார்கள். 1973இல் தொடங்கிய சோதனை. பொசுபரசு விழுந்த பக்கம் மட்டும் பச்சையாகிப்போனது. மேலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை.

நல்ல பற்றீரியாக் கரைசலை ஊற்றினால் வாவியோ கால்வாயோ சுத்தமாகுமா?

இதைத்தான் அடிக்கடி கேட்கிறார்கள், இதற்குத்தான் எனக்குப் பொறுமை குறைவு. காபனை மூச்சாக்கி வெளியே விடலாம், சரி. நைதரசனையும் ஒட்சிசனற்ற இடத்தில் நைத்திரேற்றிலிருந்து நைதரசன் வாயுவாக்கி அனுப்பலாம். பொசுபரசுக்கு அப்படியொரு வாயு வழி இந்தத் தண்ணீரில் இல்லை என்றே சொல்லலாம். பற்றீரியா அதைத் தன் உடம்பில் வைக்கும், செத்ததும் விட்டுவிடும். போத்தலில் வருவது எவ்வளவு நல்ல வகையாக இருந்தாலும் அணுவை மறையவைக்க அதற்குத் தெரியாது. அதோடு, ஏற்கெனவே மில்லிலீற்றருக்கு இலட்சக்கணக்கில் பற்றீரியா இருக்கும் இடத்தில் புதிதாக ஊற்றியவை நிலைத்து நிற்பதும் சுலபமல்ல.

பொசுபரசை அகற்றப் பற்றீரியாவைப் பயன்படுத்தும் நுட்பம் உண்டு, மறுக்கவில்லை. சில சுத்திகரிப்பு நிலையங்களில் ஒட்சிசனற்ற தொட்டி, ஒட்சிசனுள்ள தொட்டி என்று மாற்றி மாற்றி ஓடவிட்டு, பொலிபொசுபேற்றைப் பதுக்கும் வகைகளை வளர்ப்பார்கள். சாதாரணப் பற்றீரியாவின் உலர்நிறையில் 2 சதவீதமளவில் பொசுபரசு இருந்தால், அந்தச் சேற்றில் 5 முதல் 7 சதவீதம்வரை ஏறும். ஆனால் அங்கே சேற்றை வெளியே எடுத்துவிடுகிறார்கள். எடுக்காவிட்டால் அந்த நுட்பமும் வீண்.

மீன் தொட்டியில் அமோனியா ஏறிவிட்டது, சீனி போடச் சொல்கிறார்கள். போடலாமா?

தத்துவம் சரிதான். மீன் உணவில் நைதரசன் மிகுதி, காபன் குறைவு, அதனால்தான் அமோனியா மிஞ்சுகிறது. சீனியோ கருப்பஞ்சாற்றுப் பாகோ போட்டால் விகிதம் ஏறி, பற்றீரியா அமோனியாவைத் தன் உடம்பாக்கிக்கொள்ளும். இறால், திலாப்பியா வளர்ப்பில் பயோஃபுளொக் முறை இதே கணக்கில்தான் ஓடுகிறது. அங்கே இரவு பகலாகக் காற்றூட்டி நிற்கும். உங்கள் தொட்டியில் ஒரு சின்னப் பம்ப் மட்டும் இருந்தால், பெருகும் பற்றீரியா ஒட்சிசனைத் தீர்த்து, விடியும்போது மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவதும் தீனியைக் குறைப்பதும் போதும். வடிகட்டியின் பஞ்சைக் குளோரீன் மணக்கும் குழாய்நீரில் கழுவாதீர்கள், அமோனியாவை நைத்திரேற்றாக்கும் பற்றீரியா அதில்தான் குடியிருக்கிறது, மெதுவாகத்தான் திரும்ப வளரும்.

தியவன்னாப் பக்கத்துச் சதுப்பு நிலங்கள் உண்மையில் உதவுகின்றனவா?

உதவுகின்றன. 2018இல் ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ஒப்பந்தமான ராம்சர் சாசனம் கொழும்பை ஈரநில நகரமாக அங்கீகரித்தது வெறும் அழகுக்காக அல்ல. சதுப்பில் செத்த புல்லும் இலையும் காபனைக் கொட்டுகின்றன, சேற்றில் ஒட்சிசன் இல்லை, வரும் தண்ணீரில் நைத்திரேற்று இருக்கிறது. நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கும் நைதரசனிறக்கும் பற்றீரியாவுக்கு இதைவிட என்ன வேண்டும்? பொசுபரசு விஷயத்தில் இவ்வளவு நம்பிக்கை வைக்கவேண்டாம். சேறு ஓரளவு பிடிக்கும், நிறைந்தபின் கசியும்.

இவ்வளவு சின்னக் கலத்தின் விகிதத்தை எப்படி அளக்கிறார்கள்?

சிரமப்பட்டுத்தான். வழமையான கண்ணாடி இழை வடிதாளின் துளை 0.7 மைக்ரோமீற்றர் அளவு, நன்னீர்ப் பற்றீரியாவில் கணிசமானவை அதனூடே போய்விடும். சிறு துளையுள்ள வடிதாளில் பிடித்தால் அல்காத் துண்டும் குப்பையும் சேர்ந்து வரும். ஆகவே முதலில் பெரியவற்றை வடித்துவிட்டு, மிச்சத்தைப் பிடித்து அளப்பார்கள். இன்னொரு வழி, இலத்திரன் நுணுக்குக்காட்டியில் ஒவ்வொரு கலமாக வைத்து, வெளிவரும் எக்ஸ்கதிரைக் கொண்டு மூலகங்களைக் கணக்கிடுவது. சராசரிக்குள் ஒளிந்திருக்கும் வேறுபாடு அதில்தான் தெரியும்.

உயர்தரப் பரீட்சைக்கு இதெல்லாம் தேவையா?

விகித எண்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஆனால் நைதரசன் சுழற்சியை எழுதும்போது 'பிரிகையாக்கிகள் அமோனியாவை விடுவிக்கும்' என்று முடிக்காமல், எந்த உணவைத் தின்றால் விடுவிக்கும் என்று அரை வரி சேர்த்து எழுதுங்கள்.